தாடையில் கை உட்காரும் இடம்

அந்தக் குளிர்காலத்தில் வெர்லின் ஹாகன் தன் வில்லில் மாற்றாத சாமான் எதுவும் பாக்கியில்லை. ஜனவரி முதல் வாரம் நாணை மாற்றினான். இரண்டாவது வாரம், நாணுக்கு நடுவே கண்ணை வைத்துப் பார்க்கிற சின்ன வளையத்தை அரை விரற்கடை ஏற்றினான். மூன்றாவது வாரம் இறக்கினான். நாணை விடுவிக்கிற கைக்கருவி பழசு சரியில்லை என்று புதுசு வாங்கினான். புதுசு சரியில்லை என்று பழசுக்கே திரும்பினான். அம்புகளின் இறகு நிறத்தைக்கூட மாற்றிப் பார்த்தான். கடைசியில் கிளப்பின் குழல்விளக்குதான் கண்ணைக் கூசுகிறது என்று தொப்பி போட்டுக்கொண்டான். என்ன செய்தும், செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குக் கிளப்பில் எய்கிறவர்கள் நிற்கிற கோட்டின்மேல் போய் நின்றால் அம்பு தன் இஷ்டத்துக்கு மேலே ஏறியது.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், வீட்டில் இந்தக் கோளாறு கிடையாது. வீட்டுக்குப் பின்னால் டிராக்டர் நிறுத்தும் தகரக் கொட்டகையில் இருபது கஜம் அளந்து, வைக்கோல் கட்டில் இலக்குத் தாள் ஒட்டி வைத்திருந்தான். அதே வில், அதே அம்பு, அதே முப்பது அம்புக் கணக்கு. அங்கே முந்நூறுக்கு இருநூற்றுத் தொண்ணூற்றாறு, தொண்ணூற்றேழு என்று சர்வசாதாரணமாக வரும். மறுநாள் கிளப்புக்கு வந்தால் இருநூற்று எழுபத்தொன்று. போன வாரம் இருநூற்று அறுபத்தெட்டு.

"கொட்டகையில உனக்கு நீயே மார்க் போட்டுக்கறடா, அதான்," என்றான் ரோலி. "என் பரீட்சைத் தாளை நானே திருத்தியிருந்தா நானும் டாக்டராகியிருப்பேன்."

ரோலி ஊரில் வில் கடை வைத்திருப்பவன். வெர்லினுக்கு நாற்பது வருஷத்துச் சிநேகிதன். அந்தச் சிநேகிதத்தில் பாதி, ஒருத்தனை ஒருத்தன் நக்கல் பண்ணியே ஓடியது.

சக்கரம் வைத்த காம்பவுண்ட் வில்லை இழுப்பது பெரிய காரியமில்லை. பாதி இழுத்ததும் சக்கரம் உருண்டு, பாரம் தானாகத் தளர்ந்துவிடும். பாடெல்லாம் அதற்குப் பிறகுதான். இழுத்த கை வந்து முகத்தில் உட்கார வேண்டும். விரல் கணு தாடை எலும்பின் மூலையில், நாண் மூக்கு நுனியில், உதட்டோரத்தில் லேசாக ஒரு தொடுகை. ஒவ்வொரு தடவையும் அதே இடம். அந்த இடத்தைத்தான் கிளப்பில் ஆங்கர் என்பார்கள். கை ஓர் அரிசி அகலம் கீழே உட்கார்ந்தால், இருபது கஜத்துக்கு அப்பால் அம்பு நாலு விரல் மேலே போய்க் குத்தும். முப்பது வருஷமாக வெர்லினின் கைக்கு அந்த இடம் தெரியும். இப்போது கோட்டில் நின்று இழுக்கும்போதெல்லாம், வாடகை வீட்டில் இருட்டில் சுவிட்சைத் தேடுகிறவன் மாதிரி தாடையைத் தடவிக்கொண்டிருந்தான்.

அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கவுண்டிக்கு, அதாவது மாவட்ட நிர்வாகத்துக்கு, ரோட்டில் பனி தள்ளும் லாரி ஓட்டுகிற வேலை. விடிந்ததும் வண்டியை எடுத்தால் ஒவ்வொரு நிறுத்தப் பலகையிலும் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கையைத் தாடைக்குக் கொண்டுபோவான். இங்கேயா? இல்லை, கொஞ்சம் மேலேயா? பின்னால் நிற்கிற வண்டி ஹாரன் அடிக்கும்வரை தேடுவான். பெட்ரோல் போடும் இடத்தில் கல்லாவில் இருந்த பெண் கேட்டேவிட்டாள்.

"என்ன வெர்லின், பல்லு வலியா?"

"பல்லா? எனக்கா? சேச்சே!" என்று சொல்லிவிட்டு, வாங்கின காப்பியைக்கூட எடுக்காமல் லாரிக்கு ஓடினான்.

அந்தக் கேள்விக்கு அப்படி ஓடியதற்குக் காரணம் இருந்தது. வெர்லினின் வாயில் ஒரு பல்கூடக் கிடையாது. அக்டோபரில், மினியாபோலிஸில் இருக்கிற தம்பி வீட்டுக்குப் போவதாக ஊரெல்லாம் சொல்லிவிட்டு, அங்கே ஒரு பல் டாக்டரிடம் மிச்சமிருந்த பதினோரு பல்லையும் பிடுங்கிக்கொண்டு, மேலும் கீழுமாகப் பல்செட் மாட்டிக்கொண்டு திரும்பியிருந்தான். ஊரில் ஒருத்தருக்கும் தெரியாது. ரோலிக்கே தெரியாது. தெரிந்திருந்தால் கடை வாசலில் போர்டு எழுதி வைத்திருப்பான்.

ஊருக்குத் தெரிந்தாலும் பரவாயில்லை. ஆர்டிஸுக்குத் தெரியக் கூடாது. அதுதான் விஷயம்.

ஆர்டிஸ் த்வெய்ட் பள்ளிக்கூடச் சமையல்கூடத்தை நடத்துகிறவள். ஐம்பத்தெட்டு வயது. புருஷன் செத்து நாலு வருஷமாகிறது. கிளப்பில் ஆண், பெண் யாரை எடுத்துக்கொண்டாலும் அவளுக்கு மேலே எய்கிற ஆள் கிடையாது. இந்தக் குளிர்காலம் முழுக்க நாலாம் நம்பர் இலக்கில் அவளும் வெர்லினும்தான் ஜோடி. ஒருத்தர் எய்து தன் அம்பைத் தானே பார்த்து எண்ணை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், மற்றவர் அட்டையில் எழுத வேண்டும். கிளப் தொடங்கின நாளிலிருந்து அங்கே அதுதான் முறை. வெர்லின் சொல்லுவான், ஆர்டிஸ் எழுதுவாள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் பெண்டாட்டி விட்டுப் போன பிறகு, அவன் சொன்னதை ஒரு பெண் இவ்வளவு கவனமாகக் கேட்டது அங்கேதான்.

நவம்பரில் ஒரு நாள், காப்பி குடிக்கும்போது யாரோ ஆர்டிஸிடம் மறுமணப் பேச்சை எடுத்தார்கள். அவள் சிரித்தபடியேதான் சொன்னாள்.

"ரெண்டு வருஷம் ஒருத்தருக்குக் கஞ்சி ஊட்டி, மாத்திரை கொடுத்து, படுக்கை மாத்திப் போட்டாச்சு. போதும்ப்பா. இனிமே எந்தக் கிழவனையும் என்னால பார்த்துக்க முடியாது."

எல்லோரும் சிரித்தார்கள். வெர்லினும் சிரித்தான், வாயை மூடிக்கொண்டு.

அன்றிலிருந்து அவனுக்குப் பல்செட் ஒரு திருட்டுச் சாமான் மாதிரி ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமைதோறும் ஏரிக்கரை ஓட்டலில் பொரித்த மீன் சாப்பிடப் பாதி ஊர் கூடும். ஆர்டிஸ் மூன்று தடவை கூப்பிட்டாள். அவள் எதிரில் உட்கார்ந்து மொறுமொறு மீனைக் கடித்து, மேல்வரிசை கழன்று தட்டில் விழுந்தால்? ஒரு தடவை லாரி ரிப்பேர் என்றான், ஒரு தடவை வயிறு சரியில்லை என்றான், மூன்றாவது தடவை தனக்கு மீனே ஆகாது என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டான். நார்வேக்காரன் வம்சத்தில் பிறந்துவிட்டு மீன் ஆகாது என்றவனை அவள் ஒரு மாதிரி பார்த்தாள். அப்புறம் கூப்பிடவில்லை.

ஆனால் பிப்ரவரியில் அவளே ஒரு வாசல் திறந்தாள். மார்ச் நடுவில் மாடிசனில் மாநிலப் போட்டி, இரண்டு பேர் கலந்த அணி. கிளப்பின் வழக்கப்படி, குளிர்காலத்தில் முதலாவதாக வருகிறவர் தன் ஜோடியைத் தானே பொறுக்கிக்கொள்ளலாம். ஆர்டிஸ்தான் முதல். ஒரு செவ்வாய்க்கிழமை அம்பைப் பிடுங்கும்போது அவள் நேராகக் கேட்டாள்.

"வெர்லின், கடைசி வாரம் இருநூத்தித் தொண்ணூறு எடுப்பீங்களா?"

"ஏன்?"

"எடுத்தா உங்களோட மாடிசன் போறேன். எடுக்கலேன்னா ரோலியோட போறேன். நாலு மணி நேரம் வண்டி ஓட்டிட்டுப் போய்த் தோத்துட்டு வர எனக்கு இஷ்டமில்லை. பரிதாபப்பட்டு உங்களைச் சேர்த்துக்கவும் மாட்டேன்."

"ரோலி பேசியே கொன்னுடுவானே."

"அதனாலதான் உங்களைக் கேக்கறேன்."

போக நாலு மணி நேரம், வர நாலு மணி நேரம், நடுவில் இரண்டு நாள். வெர்லினுக்கு அன்றைக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. வீட்டுக்குப் போய்ச் சட்டை எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பிப் பார்த்தான். பிறகு வில்லை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனான். முப்பது அம்பு. இருநூற்றுத் தொண்ணூற்றெட்டு. அடுத்த செவ்வாய் கிளப்பில் இருநூற்று எழுபது. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

ரோலிதான் வழி சொன்னான். "இந்தா, நான் இங்க கிளப்புல உன்னைப் பக்கவாட்டுல வீடியோ எடுத்துட்டேன். உன் போனுக்கு அனுப்பியாச்சு. நீ கொட்டகையில அதே மாதிரி ஒண்ணு எடுத்துட்டு வா. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்துடுவோம். பேய் இருந்தா தெரிஞ்சுடும்."

புதன்கிழமை மத்தியானம் வேலை முடிந்து வந்து, வழக்கம்போல வாசலில் பூட்ஸைக் கழற்றுமுன்னே வாயைக் கழற்றினான். வீடு நுழைந்ததும் முதல் வேலை அதுதான். ஈறு புண்ணாகிக் கிடக்கும். பல்செட்டைக் காப்பிக் கோப்பைத் தண்ணீரில் போட்டால்தான் மூச்சே வரும். கொட்டகைக்குப் போய் ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் போனைச் சாய்த்து வைத்து ஆறு அம்பு எய்தான். ஆறும் நடுவில் ஒரு கைப்பிடிக்குள் அடங்கின.

பிறகு வாளியிலேயே உட்கார்ந்து வீடியோவைப் பார்த்தான். யாரோ ஒரு கிழவன் அம்பு எய்துகொண்டிருந்தான். கன்னம் இரண்டும் உள்ளே போய், முகவாய் மூக்கைத் தொடப் போகிற மாதிரி. தன் அப்பாவின் கடைசிக் காலத்து முகம் என்று அவனுக்குத் தோன்றியது. சகிக்காமல் போனைக் குப்புற வைத்தான். பிறகு மனசு கேட்காமல் திருப்பினான். ரோலி எடுத்ததையும் போட்டுப் பார்த்தான். மாற்றி மாற்றி நாலு தடவை பார்த்தான்.

கிழவனின் கை காதுமடலை ஒட்டிக் கீழே உட்கார்ந்திருந்தது. கிளப்பில் எய்கிற வெர்லினின் கை அதைவிட ஓர் அரிசி அகலம் கீழே இருந்தது.

பல் இல்லாவிட்டால் தாடை மேலே ஏறி மூடிக்கொள்கிறது; கையும் கூடவே ஏறுகிறது. செட்டை மாட்டினால் தாடை இறங்குகிறது, கையும் இறங்குகிறது. கை இறங்கினால் அம்பு ஏறும். மூன்று மாதமாக வில்லைப் பொக்கைவாய்க்குப் பழக்கிவிட்டு, வேறொரு வாயோடு போய் எய்துகொண்டிருந்திருக்கிறான். நாண், வளையம், குழல்விளக்கு எல்லாவற்றையும் திட்டினான், பாவம் அவை. உலகத்தில் எத்தனை வில்லாளிகள் இருந்தாலும் இப்படி ஒரு முட்டாள்தனம் தனக்குத்தான் வாய்க்கும் என்று நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டான்.

வீடியோவை அழித்தான். ரோலியிடம் போன் பனியில் விழுந்துவிட்டது என்றான்.

"அதே போன்லதானேடா இப்ப பேசறே?"

"காய வச்சுட்டேன்டா. ஆனா வீடியோ போயிடுச்சு."

"பேயேதான்," என்றான் ரோலி.

இனி என்ன, செட்டோடு எய்து அதற்கு ஏற்ற மாதிரி வளையத்தை இறக்கிக்கொண்டால் தீர்ந்தது என்று வெர்லின் நினைத்தான். வியாழக்கிழமை அப்படியே செய்தான். இருநூற்றுத் தொண்ணூற்றிரண்டு வந்தது. கொட்டகையில் தனியாக ஒரு ஆட்டமே போட்டான். வெள்ளிக்கிழமை அதே அளவில் எய்தால் இருநூற்று எண்பது. பல்லை இறுகக் கடித்தால் ஒரு இடம், லேசாகக் கடித்தால் வேறு இடம். நாண் உதட்டில் பட்டதும் கீழ்வரிசை பக்கவாட்டில் நகர்ந்தது. பசை போட்டு ஒட்டிப் பார்த்தான். பசை ஒரு நாள் தடிமனாகவும் ஒரு நாள் மெல்லிசாகவும் விழுந்தது. பல் டாக்டருக்குப் போன் செய்தான்.

"ஈறு சுருங்கிக்கிட்டே வரும் சார். ஆறு மாசம் போகணும். அதுக்கப்புறம் வாங்க, செட்டைச் சரி பண்ணித் தர்றேன்."

"செவ்வாய்க்கிழமைக்குள்ள சுருங்க ஏதாவது வழி இருக்கா?"

டாக்டர் போனை வைத்துவிட்டார்.

ஆக, நிலையாக நிற்கிற முகம் அவனிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதை வெளியே காட்ட முடியாது. சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் குட்டி போட்ட பூனை மாதிரி வீட்டுக்கும் கொட்டகைக்கும் நடந்தான். வளையத்தைப் பழைய இடத்துக்கு ஏற்றினான், இறக்கினான், ஏற்றினான். திங்கட்கிழமை கடைசியாகப் பழைய இடத்திலேயே வைத்துத் திருகை முடுக்கிவிட்டு, பசையை மட்டும் புதுசாக ஒரு குழாய் வாங்கினான். பசை காப்பாற்றும் என்று ஒரு நம்பிக்கை. பல்லை இறுகக் கடித்தால் தாடை கொஞ்சமாவது ஏறாதா என்று ஒரு கணக்கு.

கடைசிச் செவ்வாய் வந்தது. கிளப்பில் நல்ல கூட்டம். மூன்று மூன்று அம்பாகப் பத்துச் சுற்று. ரோலி பக்கத்து இலக்கில் நின்று, "மாடிசன்ல எனக்கு ஜன்னல் பக்கம் சீட்டு வேணும்," என்று ஆரம்பித்துவிட்டான். ஆர்டிஸ் வாயைத் திறக்காமல் தன் மூன்றையும் பத்தில் வைத்தாள்.

வெர்லின் தாடை வலிக்கக் கடித்துக்கொண்டு எய்தான். கை போய் உட்கார்ந்த இடம் ஒவ்வொரு தடவையும் புது இடமாக இருந்தது. வளையத்துக்குள் இலக்கு சரியாகத் தெரியவில்லை. கழுத்தை எக்கிப் பார்த்தான். பத்து, ஒன்பது, ஒன்பது. அடுத்த சுற்றில் ஒன்று எட்டுக்குப் போனது. ஐந்து சுற்று முடிந்தபோது ஏழு புள்ளி போயிருந்தது. இனி மீதி ஐந்து சுற்றிலும் சேர்த்து மூன்று புள்ளிதான் விடலாம். இதே வாயோடு நின்றால் மூன்று அம்பிலேயே அது போய்விடும்.

"கழுத்தை எதுக்கு இப்படி நீட்டறீங்க?" என்று ஆர்டிஸ் மெதுவாகக் கேட்டாள். "ஏதோ வேலிக்கு அந்தப் பக்கம் எட்டிப் பாக்கற மாதிரி."

"ஒண்ணுமில்லை. அஞ்சு நிமிஷம்," என்று கழிவறைக்கு நடந்தான்.

கண்ணாடி முன்னால் நின்றான். கோட்டில் ஆறாவது சுற்றுக்கு விசில் ஊத இரண்டு நிமிஷம் இருந்தது. மாடிசன் வேண்டுமென்றால் கிழவனாகப் போக வேண்டும். கிழவனாகப் போனால் மாடிசனுக்கு அர்த்தமில்லை. குழாயைத் திறந்தான், மூடினான், திறந்தான். தோற்றால் நிச்சயம் ரோலி போவான். அது ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. விசில் ஊதியது. இரண்டு வரிசையையும் உருவிக் கழுவிக் காகிதத் துண்டில் சுற்றி, இடுப்பில் தொங்கிய அம்புக்கூட்டின் ஜிப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே வந்தான். தொப்பியைக் கண்வரை இறக்கிக்கொண்டான்.

இழுத்தான். சக்கரம் உருண்டது, பாரம் தளர்ந்தது. தாடை மேலே ஏறி மூடிக்கொண்டது. கணு காதுமடலுக்குக் கீழே தன் பழைய வீட்டில் போய் உட்கார்ந்தது. நாண் மூக்கைத் தொட்டது. வளையத்துக்குள் மஞ்சள் வட்டம் அப்படியே நின்றது. மூன்று மாதத்தில் முதல் முறையாக வெர்லினுக்கு உடம்பில் எந்த இடமும் பரபரக்கவில்லை. அது மூன்று அம்பு நேரம்தான் நீடித்தது. இலக்கை நோக்கி நடக்கும்போதுதான் நினைவு வந்தது: எண்ணை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

ஆர்டிஸ் அட்டையையும் பென்சிலையும் வைத்துக்கொண்டு நின்றாள். வெர்லின் இரண்டு கையையும் விரித்துப் பத்து விரலைக் காட்டினான். மறுபடி காட்டினான். மூன்றாம் முறையும் காட்டினான்.

"இதென்ன? ஊமை நாடகமா? வாயால சொல்லுங்க, அப்பதான் எழுதுவேன்."

அவன் தலையை ஆட்டினான்.

"நான் ஏதாவது தப்பாப் பேசிட்டேனா? கழுத்து விஷயமாக் கோபமா?"

அதைக் கேட்டதும் அவனால் தாங்க முடியவில்லை. அவள் முகம் நிஜமாகவே வாடியிருந்தது. தரையைப் பார்த்துக்கொண்டு வாயைத் திறந்தான்.

"பஹ்ஹு. பஹ்ஹு. பஹ்ஹு."

பக்கத்து இலக்கில் ரோலி அம்பைப் பிடுங்கியபடியே திரும்பினான். அவன் வாய் திறந்தது; சொல்ல ஒன்றுமே கிடைக்காமல் மூடிக்கொண்டது. நாற்பது வருஷத்தில் வெர்லின் அந்தக் காட்சியைப் பார்த்ததில்லை. ஆர்டிஸ் வெர்லினின் முகத்தையே ஒரு கணம் பார்த்தாள். பிறகு குனிந்து மூன்று பத்து எழுதினாள். அவள் சிரித்திருந்தால்கூடத் தேவலாம் என்று அவனுக்கு இருந்தது.

போனது போயாகிவிட்டது. இனி அம்பாவது மிஞ்சட்டும் என்று எய்தான். ஏழாவது சுற்றில் ஒரு புள்ளி போனது. எட்டில் ஒன்றும் போகவில்லை. ஒன்பதில் ஒன்று போனது. ஒவ்வொரு தடவையும் அந்தச் சப்பைக் குரலில் எண்ணைச் சொன்னான். ஒவ்வொரு தடவையும் அவள் எழுதினாள். சும்மா நிற்கும்போதெல்லாம் காலை மாற்றி மாற்றி வைத்தான், பையை அமுக்கிப் பார்த்தான், காதைத் தேய்த்தான். வில்லை இழுத்துப் பிடிக்கிற அந்த நாலைந்து விநாடிதான் அவனுக்கு ஓய்வு.

கடைசிச் சுற்றில் முப்பதுக்கு இருபத்தொன்பது வேண்டும். முதல் அம்பு நடுவில் குத்தியது. இரண்டாவது விட்டபோதே தெரிந்தது, ஒன்பது. மூன்றாவதை இழுத்தான். அவசரப்படவில்லை. கை இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. அம்பு போனது. கோட்டிலிருந்து பார்த்தால் பத்தின் விளிம்பில் தொட்டுக்கொண்டு நிற்பது போலத்தான் இருந்தது. ரோலியே, "கோட்டைத் தொட்டுடுச்சுடா!" என்று கத்தினான். பத்தின் வட்டக்கோட்டை அம்பு தொட்டால் போதும், பத்துதான்.

வெர்லின் கிட்டே போனான். அம்புக்கும் கோட்டுக்கும் நடுவில் மயிரிழை அகலத்தில் மஞ்சள் தெரிந்தது. தொப்பியைப் பின்னால் தள்ளிவிட்டுக் குனிந்து பார்த்தான். இந்தப் பக்கமிருந்து பார்த்தான், அந்தப் பக்கமிருந்து பார்த்தான். மஞ்சள் இருந்தது. ஆர்டிஸ் பென்சிலோடு அவனுக்குப் பின்னால் நின்றாள். சொல்ல வேண்டியவன் அவன். அவன் சொன்னால் அவள் எழுதப் போகிறாள். நாலு மாதமாகத் தம்பி வீடு, லாரி ரிப்பேர், மீன் ஆகாது, போன் பனியில் விழுந்தது என்று எத்தனை பொய் வரிசையாக வந்திருக்கிறது இந்த வாயில். அம்பு விஷயத்தில் மட்டும் ஒன்றுகூட வர மாட்டேன் என்றது.

"பஹ்ஹு," என்றான். "ஒம்போஹு. ஒம்போஹு."

இருநூற்று எண்பத்தொன்பது.

ஆர்டிஸ் எழுதிக் கூட்டிக் கீழே கோடு போட்டாள். அட்டையை அவனிடம் கையெழுத்துக்கு நீட்டினாள். அவன் கையெழுத்துப் போட்டான்.

"நானும் பார்த்தேன்," என்றாள். "ஒரு மயிரிழை வெளியே. நீங்க பத்துன்னு சொல்லியிருந்தா பத்துன்னுதான் எழுதியிருப்பேன். மாடிசனுக்கும் வந்திருப்பேன், சொன்ன சொல் மாற மாட்டேன். ஆனா போறப்பவும் வர்றப்பவும் உங்ககிட்ட ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டேன்."

"இப்ப?"

"இப்ப ரோலியோட போறேன். நான் சொன்னது தொண்ணூறு."

வெர்லின் தலையாட்டினான். அம்புகளைத் துடைத்துக் கூட்டில் போடுகிற சாக்கில் திரும்பிக்கொண்டான்.

"அந்த மீன்," என்றாள் ஆர்டிஸ் அவன் முதுகைப் பார்த்து. "ஆகாதுன்னு சொன்னது, இதனாலதானா?"

அவன் திரும்பாமலே தலையாட்டினான்.

"அடப்பாவி மனுஷா! என் கூட உக்காந்து சாப்பிட இஷ்டமில்லை, அதைச் சொல்லத் தெரியாம மீன் மேல பழி போடறீங்கன்னு நினைச்சேன். மூணு வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போய் அழுதேன், தெரியுமா?"

வெர்லின் திரும்பினான். வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, "நீங்கஹான் ஹொன்னீங்க, கிழவனைப் பாஹ்ஹுக்க முடியாஹுன்னு," என்றான்.

"பார்த்துக்க முடியாதுன்னுதான் சொன்னேன். கூட உக்காந்து சாப்பிட முடியாதுன்னு சொன்னேனா? கையை எடுங்க. நான் அஞ்சு சுத்தா அந்த வாயைப் பார்த்துக்கிட்டுத்தான் எழுதறேன்."

அவன் கையை எடுத்தான்.

"சனிக்கிழமை சர்ச்சுல லூட்டஃபிஸ்க் விருந்து. நாந்தான் சமைக்கறேன்," என்றாள். காரநீரில் நாள்கணக்கில் ஊறவைத்து வேகவைக்கிற அந்த மீன் கரண்டியில் நடுங்கும். வாயில் போட்டால் அது பாட்டுக்கு இறங்கிவிடும். "அதை மெல்லறதுக்கு இந்த ஊர்ல யாருக்கும் பல்லு தேவைப்பட்டதில்லை. ஆறு மணிக்கு வாங்க. தாமதமா வந்தா பெரிய துண்டு தீர்ந்துடும்."

ரோலி வில்லைப் பெட்டியில் வைத்துக்கொண்டே, "எனக்கும் ஒரு சீட்டுப் போடுங்க," என்றான்.

"உனக்கு மாடிசன் இருக்குல்ல, அது போதும்," என்றாள் ஆர்டிஸ், அட்டையைப் பெட்டியில் போடப் போகிற வழியில்.

சனிக்கிழமைக்கு இன்னும் நாலு நாள் இருந்தது. வெர்லின் அங்கேயே நின்று கையைத் தாடைக்குக் கொண்டுபோனான், பழக்கத்தில். பிறகு வில்லை எடுத்துக்கொண்டு, பல்செட்டைப் பையிலேயே விட்டுவிட்டு, ஒவ்வொருத்தரிடமும் வாய்விட்டுப் போய்வருகிறேன் சொல்லிக்கொண்டு வாசலுக்கு நடந்தான்.